பதநீருக்குப் பொங்காத மாவு

காலை ஒன்பது மணிக்கு ஞானரத்தினம் பானை மேல் கிடந்த ஈரத்துணியை ஐந்தாம் முறையாக விலக்கிப் பார்த்தாள். விடிவதற்கு முன் பிசைந்து வைத்த மாவு, வைத்த அளவிலேயே கிடந்தது. விரலால் ஒரு குத்துக் குத்தினாள். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

"இன்னும் செத்த நேரம் பாப்போம்மா" என்றாள் மகள் பரிபூரணம்.

"அஞ்சு மணி நேரமாப் பாத்தாச்சுட்டி. இது எந்திரிக்காது."

இந்த வாரம்தான் இந்தக் கதையைக் கையில் எடுத்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். முதலிலிருந்து படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஞானரத்தினத்தின் கணவர் சத்தியநேசன், ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பங்களாவில் பதினோரு வருஷம் சமையல்காரராக இருந்தவர். ரொட்டி சுடுவதில் மதுரை வரை பெயர் எடுத்தவர். பங்களாவில் இருக்கும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவோ மதுவிலக்குச் சங்கத்தின் தலைவி. ஊர் ஊராகப் போய், 'இனிக் குடிக்கமாட்டேன்' என்று ஆட்களிடம் கையெழுத்து வாங்குகிறவர். சத்தியநேசனும் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்படிப்பட்டவர் பனங்காட்டிலிருந்து கையில் செம்போடு வருவதைச் சபை மூப்பர் எலியேசர் கண்ணால் பார்த்துவிட்டார். ஒரு தடவை இல்லை, பல தடவை. கமிட்டி கூடியது. 'குடிகாரனுக்குத் திருவிருந்தில் பங்கு கிடையாது' என்று, ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்கவிடாமல் விலக்கி வைத்தது. அந்த விலக்கு நீங்காமலேயே போன கார்த்திகையில் சத்தியநேசன் காய்ச்சலில் கண்ணை மூடினார்.

அவர் குடியிருந்த மிஷன் வீடு சமையல்காரருக்கென்று உள்ள வீடு. மதுரையிலிருந்து புது ஆள் சனிக்கிழமை வருகிறான். அவன் வந்தால் இவர்கள் வெளியேற வேண்டும். அது மட்டுமா? பரிபூரணம் அதே காம்பவுண்டில் ஆசிரியைப் பயிற்சியில் கடைசி வருஷம் படிக்கிறாள். மிஷன் ஊழியர் பிள்ளை என்பதால் கிடைத்த இடம் அது. வீடு போனால் படிப்பும் போகும்.

போன வாரம் ஞானரத்தினம் பங்களாப் படியேறி, "அந்த வேலையை எனக்கே தாங்கம்மா" என்று கேட்டுவிட்டு வந்தாள். பொம்பளையாவது, பங்களாவில் சமையல் வேலைக்காவது! காம்பவுண்டே மூக்கில் விரலை வைத்தது. மிஸ்ஸியம்மா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பெரிய வெள்ளிக்கு அந்தப் பங்களாவில் சிலுவை ரொட்டி உண்டு. பட்டையும் கிராம்பும் உலர்ந்த திராட்சையும் போட்டு, தலையில் சிலுவைக் குறி வைத்த பன். பெரிய வெள்ளியன்று பங்களாவில் அடுப்பே மூட்டமாட்டார்கள். அதனால் வியாழக்கிழமையே சுட்டு, அன்று மாலைத் தேநீருக்கு முதலில் பரிமாறிவிடுவார்கள். "உன் புருஷன் சுட்டதைப்போல் இரண்டு டஜன் சுட்டுக் கொண்டு வா. பிறகு பேசலாம்" என்றார் மிஸ்ஸியம்மா.

அந்த வியாழக்கிழமைதான் இன்று.

"மதினி!" என்று வாசலில் குரல் கேட்டது.

ராஜபாளையத்துப் புது மில்லில் மேஸ்திரியாக இருக்கும் நேசையன், சத்தியநேசனின் தம்பி. காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். உள்ளே வந்தவன் பானையைப் பார்த்தான், மதினியின் முகத்தைப் பார்த்தான். கேட்காமலே விஷயம் புரிந்துவிட்டது.

"நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்காதீங்க. சனிக்கிழமைக்கு வண்டி சொல்லியாச்சு. நூற்புப் பகுதியில பொம்பளை ஆள் எடுக்காங்க. உங்களுக்கும் பரிபூரணத்துக்கும் சேத்தே சொல்லி வச்சிருக்கேன். எதுக்கு இந்த மல்லுக்கட்டு?"

"சித்தப்பா, எனக்குப் பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு" என்றாள் பரிபூரணம்.

"எனக்கு மட்டும் ஆசையாட்டி? ஆனா நடக்கணும்லா?" அவன் மாவைத் தொட்டுப் பார்த்தான். "என்ன ஊத்திப் பிசைஞ்சீங்க மதினி?"

"உங்கண்ணன், அவிய என்ன ஊத்தினாவளோ, அதைத்தான். பதநீர்."

நேசையன் தரையைப் பார்த்தான்.

அவன் ஏன் தரையைப் பார்த்தான் என்று ஞானரத்தினத்துக்கு நன்றாகத் தெரியும். 'என் வீட்டுக்காரர் கையில் இருந்தது பதநீர்' என்று இந்தக் காம்பவுண்டில் எத்தனை பேரோடு சண்டை போட்டிருப்பாள்! கிணற்றடியில், கோவில் வாசலில், மூப்பர் வீட்டு முற்றத்தில். ஆனால் வெளியே அவருக்காகச் சண்டை போட்டவள், வீட்டுக்குள் வந்து அவரோடு சண்டை போட்டாள். அவர் வேட்டியில் வந்த வாடை பதநீர் வாடை இல்லை என்று அவள் மூக்குக்குத் தெரியாதா? கேட்டால், "பதநீர்தான், ரொட்டிக்கு" என்பார். மாவில் கலக்கும்போது குசினிக் கதவைச் சாத்திக்கொள்வார். கடைசி ஒரு வருஷம் அவரிடம் அவள் பேசியதெல்லாம் 'சோறு வச்சிருக்கு', 'விளக்கை அணைங்க' என்கிற அளவில்தான்.

இருந்தாலும் பதநீர் என்று அவர் சொன்ன சொல்லை ஏதோ ஒரு மூலையில் நம்பியிருந்தாள். நம்பித்தான் நேற்று தெருவில் வந்த பதநீரை வாங்கி மாவில் ஊற்றினாள். இப்போது அந்த மாவே எதிர்சாட்சி சொல்கிறது.

நல்லவேளை, மிஸ்ஸியம்மா அனுப்பிய மைதாவில் பாதியைத்தான் பிசைந்திருந்தாள். மீதிப் பாதி டின்னில் இருந்தது.

ஞானரத்தினம் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, பித்தளைச் செம்பைக் கையில் எடுத்தாள்.

"எங்க மதினி?"

"அவிய வாங்கின ஆள்கிட்டயே கேட்டுட்டு வாரேன்."

"பனங்காட்டுக்கா? நீங்களா? பெரிய வியாழக்கிழமையும் அதுவுமா?" நேசையன் பதறினான். "நான் போறேன். நீங்க இருங்க."

"நீ போனா உனக்குப் பொருத்தமா ஒரு பதில் சொல்லுவாரு. எனக்கு மெய் தெரியணும்."

*

பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றின்மேல் இருக்கும் பெருமாள் கோவிலுக்குப் போகும் பாதையில், ஊர் முடிந்து அரை மைலில் பனங்காடு. பனையேறி சங்கையா அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கி, இடுப்பில் தொங்கிய கலயத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சத்தியநேசன் வீட்டம்மா வருவதைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்து மேலே போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, பதநீர் ஊத்தி மாவு பிசைஞ்சேன். அஞ்சு மணி நேரமாச்சு, பொங்கல. அவியளுக்கு மட்டும் எப்படிப் பொங்குச்சு?"

சங்கையா சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"ஏம்மா, கலயத்துல சுண்ணாம்பு தடவி வடிச்சாத்தான் பதநீர். சுண்ணாம்பு எதுக்குத் தடவுதோம்? புளிச்சிடக் கூடாதுன்னுதானே? அதைக் கொண்டு போயி மாவுல ஊத்திட்டு, மாவு புளிக்கலையேன்னா எப்படி?"

சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. பதநீர் விற்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்றாமல் போனதே! தோன்றவிடாமல் அவளே தடுத்து வைத்திருந்தாள் என்பதுதான் சரி. தோன்றியிருந்தால் புருஷன் குடிகாரன் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்குமே.

"அப்போ அவிய வாங்கினது?"

"கள்ளுதாம்மா."

ஞானரத்தினம் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ மூப்பர் சொன்னது நிசந்தானா? குடிச்சாவளா?"

"யாரு, உங்க வீட்டய்யாவா?" சங்கையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாரத்துக்கு ரெண்டு நாளு வருவாரு. ஒரு உழக்கு. அதுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம்பாரு. உழக்குக் கள்ளுல எவனுக்கும்மா போதை ஏறும்? பனை ஓஞ்ச மாசத்துல தென்னங்கள்ளு கேப்பாரு. ஒரு நா நானே சொன்னேன், 'ஒரு வாய்தான் குடிச்சுப் பாருமே'ன்னு. 'கையெழுத்துப் போட்டிருக்கேன் சங்கையா, இது மாவுக்கு'ன்னாரு. அந்த மனுசன் நாக்குல ஒரு சொட்டுப் பட்டதில்ல. எங்க சாமி மேல ஆணையாச் சொல்லுதேன்."

"அதைக் கமிட்டியில சொல்ல வேண்டியதுதானே? ஏன் சொல்லல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அந்த அம்மா ஊர் ஊராப் போயி கள்ளு பாவம்னு சொல்லுதாங்க. அவங்க தின்னுத ரொட்டியே கள்ளுல பொங்குனதுன்னு தெரிஞ்சா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். குடியை விட்டவனெல்லாம் திரும்பக் கடைக்குப் போவான். என் ஒருத்தன் பேரோட போகட்டும்'னாரு. நீ கிறுக்கனய்யான்னு சொன்னேன். கேட்டாத்தானே?"

ஞானரத்தினத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனுஷன் ஊருக்குச் சொல்லாவிட்டால் போகட்டும், கட்டினவளிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆத்திரம் வந்தது. சொல்லும்படி நான் முகம் கொடுத்துப் பேசினேனா என்று அடுத்த நிமிஷமே வெட்கம் வந்தது. ஒரு வருஷம். ஒரே வீட்டுக்குள் ஒரு வருஷம் அவரைப் பட்டினி போட்டதுபோல் பேச்சில்லாமல் வைத்திருந்தாளே!

சங்கையா கலயத்தை மரத்தடியில் இறக்கி வைத்தார். பிறகு, "இப்ப என்னம்மா செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு உழக்கு ஊத்துங்க அண்ணாச்சி."

ஊற்றிவிட்டு, செம்பை மூடிக் கட்ட அவர் ஓர் ஓலையைக் கிள்ளினார்.

"மூட வேண்டாம். திறந்தே இருக்கட்டும்."

*

நுரைத்த கள்ளும் கையுமாக ஒரு கிறிஸ்தவப் பெண் பெரிய வியாழனன்று பட்டப்பகலில் மிஷன் காம்பவுண்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? கிணற்றடியில் வாளி உள்ளே விழுந்தது. எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞானரத்தினம் யாரையும் பார்க்காமல் இல்லை. ஒவ்வொருவரையும் நேராகப் பார்த்துக்கொண்டேதான் நடந்தாள்.

வீட்டுக்குள் கள் வாடை வந்ததும் நேசையன் துள்ளி எழுந்தான்.

"மதினி! உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அண்ணன் பேரு நாறுனது போதாதா?"

அவள் சொன்னாள். சங்கையா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது பரிபூரணம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நேசையன் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தான்.

"நானும் நம்பிட்டேனே மதினி" என்றான். "மில்லுல அண்ணனைப் பத்திக் கேட்டா, 'அவரு போயிட்டாரு'ன்னு மட்டும் சொல்லிட்டுப் பேச்சை மாத்திடுவேன். கூடப் பொறந்தவன் நம்பலாமா?"

"கட்டினவளே நம்பினேன். நீ மட்டும் என்ன? எந்திரி. அழ நேரமில்ல. பால் காச்சு."

மீதி மைதாவைக் கொட்டிக் குழி பறித்தாள். வெதுவெதுப்பான பாலில் சர்க்கரை கரைத்து ஊற்றினாள். கள்ளை ஊற்றினாள். பட்டை, கிராம்பு, சாதிக்காய் மூன்றையும் இடித்துச் சலித்த தூளைத் தூவி, வெண்ணெயை உருட்டிப் போட்டுப் பிசைந்தாள். முழங்கை வரை மாவு. இரண்டு உள்ளங்கையாலும் தள்ளினாள், மடக்கினாள், திரும்பத் தள்ளினாள். அவர் பிசைவதைச் சாத்திய கதவின் இடுக்கு வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். மாவு கையை விட்டு வந்து காது மடல்போல் மெத்தென்று ஆகும்வரை நிறுத்தவில்லை.

"மதினி, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் நேசையன். குரல் தணிந்திருந்தது. "கள்ளுன்னு இப்பச் சொல்லாதீங்க. தின்னட்டும். வேலை கையில வரட்டும். வீடு நிக்கட்டும். பொறவு ஒரு நாள் பாத்துச் சொல்லிக்கலாம்."

"தின்ன பொறவு சொன்னா அது ஏமாத்து. சங்கத்துல கையெழுத்துப் போட்டவிய அம்புட்டுப் பேரும் உக்காந்திருப்பாவ. தெரியாமத் தின்ன வைக்கணுமா?"

"தெரிஞ்சா திங்க மாட்டாங்களே மதினி."

"திங்காட்டாப் போறாவ."

"வீடு? இவ படிப்பு?"

ஞானரத்தினம் கையை நிறுத்தி மகளைப் பார்த்தாள். இதுவரை மகளிடம் அவள் ஒன்றும் கேட்டதில்லை. தகப்பன் போன வீட்டில் தாய்தான் முடிவு செய்யவேண்டும் என்று இருந்துவிட்டாள்.

"ஏட்டி, போறது உன் படிப்பு. நீ சொல்லு."

பரிபூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதாலும் பேச்சு தெளிவாக வந்தது. "பயிற்சிப் பள்ளியில என்னைக் குடிகாரன் மகள்னு பின்னால பேசுவாளுக. நானும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருக்கேன். இனிமே குனிய மாட்டேன். மில்லுக்குப் போகணும்னா போறேன். நீங்க சொல்லுங்கம்மா."

நேசையன் எழுந்து கொல்லைப்பக்கம் போய், அண்ணன் செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய ரொட்டி அடுப்பில் விறகை அடுக்க ஆரம்பித்தான்.

பங்குனி வெயில் பெரிய உபகாரம் செய்தது. இரண்டு மணிக்குப் பரிபூரணம் ஈரத்துணியைத் தூக்கியவள், "அம்மா!" என்று கத்திவிட்டாள். மாவு பானை விளிம்பைத் தாண்டிக் குப்பென்று எழுந்து நின்றது. பட்டை வாசமும் புளித்த வாசமும் கலந்து வீடெல்லாம் பரவியது. சத்தியநேசன் ரொட்டி சுடுகிற நாட்களில் இந்த வீட்டில் வீசிய அதே வாசம். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். பார்த்தால் மூன்று பேருமே அழுதிருப்பார்கள்.

திராட்சையையும், சர்க்கரைப் பாகில் ஊறிய நாரத்தங்காய்த் தோலையும் சேர்த்து மடக்கி, இருபத்து நாலு உருண்டைகள் பிடித்தாள். அவை திரும்பவும் உப்பியதும், மைதாவைத் தண்ணீரில் குழைத்துப் பரிபூரணம் ஒவ்வொன்றின் தலையிலும் சிலுவை இட்டாள். நேசையன் அடுப்பிலிருந்து கங்குகளை இழுத்துத் தள்ளினான்.

"சூடு பாக்கணுமே மதினி. அண்ணன் எப்படிப் பாப்பாரு?"

"உள்ள கையை நீட்டிப் பரமண்டல ஜெபம் சொல்லு. பாதி ஜெபத்துல கை தாங்காம எடுத்தா சூடு சரி. ஆமென் வரைக்கும் தாங்குச்சுன்னா சூடு பத்தாது."

நேசையன் கையை விட்டான். உதடு அசைந்தது. பாதி ஜெபத்தில் கையை உதறிக்கொண்டு வெளியே எடுத்தான்.

"சரியா இருக்கு" என்றான். ராஜபாளையத்து மில் மேஸ்திரி அன்று முதல்தடவையாகச் சிரித்தான்.

*

ஐந்து மணிக்குப் பங்களா மேசையைச் சுற்றி எட்டுப் பேர். மதுரையிலிருந்து வந்த விருந்தாளிகள், பள்ளிக்கூடத்து அம்மாமார்கள், மேசைத் தலைப்பில் மிஸ்ஸியம்மா, அவருக்கு வலப்பக்கம் மூப்பர் எலியேசர். ஞானரத்தினம் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். செம்பொன்னாகச் சிவந்து, சர்க்கரைப் பாகு தடவி மினுங்கிய பன்களிலிருந்து ஆவி பறந்தது. மூப்பருக்கு அதைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. வருஷா வருஷம் சாப்பிட்டவர், பாவம், ருசி அறிவார்.

மிஸ்ஸியம்மா ஜெபத்துக்குக் கையைக் கூப்பினார்.

"அம்மா, ஜெபத்துக்கு முன்னால ஒரு வார்த்தை" என்றாள் ஞானரத்தினம்.

எட்டுப் பேரும் நிமிர்ந்தார்கள். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இது கள்ளு ஊத்திப் பொங்க வச்ச மாவு. இங்க இருக்குறவிய அம்புட்டுப் பேரும் சங்கத்துல கையெழுத்துப் போட்டவிய. தெரியாமத் தின்னுடக் கூடாதுன்னு சொல்லுதேன். எங்க வீட்டுக்காரவிய வாரத்துக்கு ரெண்டு தரம் வாங்கின கள்ளும் இதுக்குத்தான். குடிக்கல. பதினோரு வருஷமா இந்த மேசைக்கு வந்த ரொட்டி அம்புட்டும் இப்படித்தான் பொங்குச்சு. பனையேறி சங்கையா சாட்சி இருக்காரு. கூப்பிட்டா வந்து சொல்லுவாரு."

பன்னை எடுக்க நீண்டிருந்த கை ஒன்று மெல்லத் திரும்பிப் போனது. எலியேசரின் கோப்பை தட்டில் இடித்துத் தேநீர் சிந்தியது.

மிஸ்ஸியம்மா எழுந்தார். ஒரு பன்னைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஞானரத்தினம், உள்ளே வா" என்று தம் எழுத்தறைக்குள் போனார்.

திரைச்சீலை விழுந்ததும் அவர் செய்த காரியம் அவளைத் திகைக்க வைத்தது. பன்னை இரண்டாகப் பிட்டார். முகர்ந்தார். ஒரு துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"அதே ருசி" என்றார். அவர் தமிழ் எப்போதும் பிரசங்கத் தமிழ்தான். "திங்கட்கிழமை முதல் நீ இந்தப் பங்களாவின் சமையல்காரி. வீடு உன்னுடையது. உன் மகள் படிப்பை முடிக்கட்டும். மதுரை ஆளை வரவேண்டாம் என்று எழுதிவிடுகிறேன்."

ஞானரத்தினத்துக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. கை தானாகக் குவிந்தது.

"ஆனால் நீ இன்று சொன்னது இந்த வீட்டைத் தாண்டிப் போகக்கூடாது. விருந்தாளிகளிடம் நான் பேசிக்கொள்ளுவேன். மூப்பரும் நான் சொன்னால் கேட்பார். இனிமேல் புளிப்புக்கு டின்னில் வருகிற மருந்தை வரவழைத்துத் தருகிறேன்."

கூப்பிய கை இறங்கியது. "அப்போ அவிய பேரு?"

மிஸ்ஸியம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். "எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? என் தகப்பனார் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். 'மாவில் ஊற்றுவது புளிக்கவைத்த உருளைக்கிழங்குத் தண்ணீர்' என்று உன் புருஷன் என்னிடம் சொன்னான். அதில் மாவு இப்படி எழும்பாது, இது கள் என்பதை முதல் வருஷமே அறிந்தேன்."

"தெரிஞ்சுமா அம்மா கமிட்டியில பேசாம இருந்தீங்க?"

"சங்கத்தில் நானூறு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். குடியை விட்டு, பிள்ளைகளுக்குச் சோறு போட ஆரம்பித்த குடும்பங்கள். நான் வாய் திறந்தால் எல்லாம் கலைந்துபோகும் என்று பயந்தேன். அவனும் பேசவில்லை. நானும் பேசவில்லை." அவர் அவள் பக்கம் திரும்பினார். "அது சரி என்று நான் சொல்லவில்லை."

ஞானரத்தினத்துக்குக் கோபம் மூண்டது. அந்த வெள்ளை முகத்தில் கண்ணீரைக் கண்டபோதும் கோபம் ஆறவில்லை. ஆனால் பேச்சு நிதானமாகத்தான் வந்தது.

"எனக்கு வீடு வேணும்மா. எம் மக படிப்பு வேணும். வேண்டாம்னு சொல்ல நான் ராணி இல்ல. ஆனா அவிய பேரைக் குடுத்து வாங்க மாட்டேன். ஒரு தரம் இந்தக் காம்பவுண்டு அவிய பேரைக் குடுத்து நல்ல பேரு வாங்கிட்டுது. போதும். ஈஸ்டர் ஆராதனையில நான் எந்திரிச்சுச் சபைக்கு முன்னால சொல்லுவேன். நீங்களும் எந்திரிச்சு நின்னா நல்லது. நிக்காட்டா நான் ஒருத்தியாச் சொல்லுதேன்."

"வீடு போய்விடும், ஞானரத்தினம். கமிட்டி சும்மா இருக்காது."

"போகட்டும்மா."

அவள் திரும்பினாள். திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு மூப்பர் எலியேசர் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அறுபது வயது மனிதர் எண்பது வயதுக்காரர்போல் இருந்தார்.

"மிஸ்ஸியம்மா" என்றார். "சத்தியநேசன் சாகக் கிடந்த அன்னைக்குத் திருவிருந்து கேட்டு ஆள் வந்துச்சு. நம்ம கோவில் குருவானவர் அங்கியை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. விலக்கி வச்சவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு வாசல்ல மறிச்சு நின்னது நான். நீங்களும் பக்கத்துல நின்னீங்க. அன்னைக்கும் உங்களுக்கு இது தெரியுமா?"

மிஸ்ஸியம்மா திரும்பவும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூப்பர் என்ன சொல்கிறார் என்பது ஞானரத்தினத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அன்று ஆள் அனுப்பியவள் அவள்தான். 'குருவானவர் கூமாப்பட்டிக்குப் போயிருக்கிறார், வர முடியாது' என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவள்தான் குனிந்து சத்தியநேசனின் காதில் சொன்னாள். அவரும் சரி என்று தலையை அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூப்பரய்யா, குருவானவர் கூமாப்பட்டிக்குப் போயிருக்காருன்னு சொன்னாவளே?"

எலியேசரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அவர் எங்கயும் போகலம்மா" என்றார். "வீட்டுலதான் இருந்தார்."